தண்ணீர் உள்ள போத்தல்

(யாழ்ப்பாணத்துக் கிராம வாசிகசாலை ஒன்றில் தாய்மாருக்காக ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

பிள்ளையை ஏணையில் கிடத்திவிட்டு ஒரு மணி நேரத்தைக் கடன் வாங்கி வந்திருக்கும் தாய்மாரே, "நீ போ, நான் பிள்ளையைப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பின்வாங்கில் வந்து உட்கார்ந்திருக்கும் அம்மம்மாமாரே, அப்பம்மாமாரே!

அறிவித்தலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தேன். பிள்ளைக்குப் பூசுகிற போத்தலோ ரின்னோ எது இருந்தாலும் கையோடு கொண்டுவாருங்கள் என்று. இந்த மேசையில் இப்போது பதினேழு சாமான் நிற்கின்றன. லோஷனும் கிறீமுமாக ஆறு, பவுடர் நான்கு, கொலோன் மூன்று, ஈரத்துடைப்பான் பக்கற் இரண்டு, எண்ணெய் இரண்டு. இவ்வளவும் மூன்று, நாலு கிலோ நிறையுள்ள உயிர்களுக்காக. எனக்கு அறுபத்தெட்டு வயது. என் உடம்புக்கு ஒரு சவர்க்காரம் போதுமாயிருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் அரச வைத்தியசாலைகளில் மருந்து கலந்தும் எண்ணியும் கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகும் ஒழுங்கையில் மறித்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஐயா, இதிலை பரபென் இல்லையெண்டு போட்டிருக்கு. அப்ப பயமில்லாமல் பூசலாந்தானே?" அந்தக் கேள்விக்குத்தான் இன்றைய பேச்சு. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடியாதபடியால் உங்களை இருக்க வைத்திருக்கிறேன்.

ஒடியலில் தொடங்குவோம். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். நன்றாகக் காய்ந்ததைத் தகரத்தில் போட்டு மூடினால் அடுத்த கிழங்குக் காலம் வரைக்கும் கிடக்கும். யாரும் அதில் மருந்து போடவில்லை. தண்ணீரை எடுத்தார்கள், அவ்வளவுதான். கிருமிக்கும் பூஞ்சைக்கும் உயிர் வாழத் தண்ணீர் வேண்டும். கருவாடும் மோர்மிளகாயும் வடகமும் இதே கணக்கில்தான் நிற்கின்றன. அதே ஒடியல் மாவில் கூழ் காய்ச்சுங்கள். இரவு மிஞ்சிய கூழை அடுத்த நாள் மத்தியானம் முகர்ந்து பார்த்தால் தெரியும், தண்ணீர் திரும்பி வந்ததும் என்ன நடக்கிறது என்று.

தண்ணீரை எடுக்க முடியாத சாமானுக்கு வேறு வழி. ஊறுகாய்க்கு உப்பும் புளியும். நெல்லிரசத்துக்குச் சீனியும் புளிப்பும் போதாமல் கொஞ்சம் சோடியம் பென்சோயேற்று. இதைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நற்காப்பு என்று எழுதுகிறார்கள். நல்ல காப்பு! பிள்ளையின் கையில் கட்டுகிற காப்பும் அதே சொல்தான். போத்தலுக்குக் கட்டுகிற காப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இந்த லோஷனை எடுத்துப் பாருங்கள். பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் சேர்மானங்களை வரிசையாக எழுதியிருக்கிறது. கூடுதலாக உள்ளது முதலில் வரவேண்டும் என்பது விதி. முதல் சொல் 'அக்குவா'. இலத்தீன் மொழியில் தண்ணீர். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய போத்தலில் பாதிக்கு மேல் தண்ணீர், அதோடு கொஞ்சம் எண்ணெய், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு பசை, வாசம். எங்கள் ஊர் வெக்கையில், நாளுக்கு நாலு தரம் கைவிரல் படுகிற போத்தலில், காப்பு இல்லாவிட்டால் அது கூழின் கதிதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் முற்பகுதி, பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரமே கிடைக்காமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த நாட்கள் இங்கே பலருக்கு நினைவிருக்கும். அப்போது நான் வேலை செய்த இடத்தில் வறண்ட தோலுக்குக் கொடுக்கும் ஒரு வெள்ளைக் கிறீமை நாங்களே கலப்போம். மெழுகுக் களிம்பும் தண்ணீருமாக அடிக்க வேண்டும், அதில் நூற்றுக்கு ஒரு பங்கு காப்புச் சரக்கு சேர்க்க வேண்டும். களிம்பு கையிருப்பில் இருந்தது. காப்புச் சரக்கு வரவில்லை. கொதித்தாறிய தண்ணீர்தானே, ஒன்றும் ஆகாது என்று நானே கலந்து போத்தலில் அடைத்து வைத்தேன். இரண்டாம் கிழமை மூடியைத் திறந்தால் விளிம்பில் கறுப்பாகப் பூஞ்சை, உள்ளே ஊசல் நாற்றம். அது கண்ணுக்குத் தெரிந்தபடியால் தப்பினோம். சூடோமோனாஸ் மாதிரியான கிருமிகள் நிறமோ மணமோ காட்டாமலே லோஷனுக்குள் குடியிருக்கும். 2014இல் அமெரிக்காவில் பல பெயர்களில் விற்ற பேபி ஈரத்துடைப்பான்களைக் கடைகளிலிருந்து திருப்பி எடுத்தார்கள். உள்ளே இருந்தது புர்க்கோல்டேரியா செபாசியா என்ற கிருமி. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளையின் இரத்தத்தில் அது சேர்ந்தால் வைத்தியசாலைக் கட்டில்தான்.

ஆகவே 'நற்காப்புப் பொருள் இல்லாத லோஷன்' என்று யாராவது தண்ணீர்ச் சாமானைப் பெருமையாக நீட்டினால், எனக்கு அந்தக் கறுப்பு விளிம்புதான் கண்ணுக்குள் வரும். வீட்டில் கற்றாழைச் சோற்றை அடித்து, பன்னீர் விட்டு, போத்தலில் வைத்து ஒரு கிழமைக்குப் பிள்ளைக்குப் பூசுகிற அம்மாமாருக்கும் இதையே சொல்கிறேன். அடித்ததை அன்றைக்கே கொட்டிவிடுங்கள். அதைவிட, பிள்ளைக்குப் பூசாமலே விடுங்கள்.

சரி, காப்பு வேண்டும். அந்தக் காப்பு பிள்ளையை என்ன செய்யும்? அதற்குப் பிள்ளையின் தோலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பிறந்த பிள்ளையைக் கண்டவர்களுக்குத் தெரியும், மேலெல்லாம் வெண்ணெய் பூசினது போல ஒரு பூச்சு இருக்கும். அக்குளிலும் தொடைமடிப்பிலும் தடிப்பாக இருக்கும். முன்பெல்லாம் அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுவார்கள். அந்தப் பூச்சில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். நான் இவ்வளவு நேரமும் சொன்ன கணக்குப்படி அது ஒரு நாளில் கெட்டுப்போக வேண்டும். கெடுவதில்லை. லைசோசைம், லக்ரோபெரின் என்று கிருமி கொல்லும் புரதங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. தாயின் வயிற்றுக்குள்ளேயே இயற்கை பிள்ளைக்கு ஒரு கிறீம் பூசி, அந்தக் கிறீமுக்கு ஒரு நற்காப்பும் கலந்து அனுப்பியிருக்கிறது! பிறந்து 24 மணி நேரத்துக்குப் பிள்ளையைக் குளிக்கவார்க்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு ஒரு காரணம் உடல் குளிராமல் இருப்பது. கூடவே இந்தப் பூச்சும் தோலில் தங்கி ஊறும்.

நிறைமாதப் பிள்ளைக்குத் தோலின் மேற்படை பெரும்பாலும் தேறியிருக்கும். குறைமாதப் பிள்ளைக்கு அது வெங்காயச் சருகு மாதிரி. எதைப் பூசினாலும் உள்ளே போகும். நிறைமாதப் பிள்ளைக்கும் இன்னொரு கணக்கு இருக்கிறது. உடம்பின் நிறையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு எங்களுடையதைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. எங்கள் மேலில் ஒரு தடவை லோஷன் தேய்ப்பதும் பிள்ளையின் மேலில் தேய்ப்பதும் ஒன்றில்லை. உள்ளே போனதை மாற்றி வெளியே தள்ளும் ஈரலும் சிறுநீரகமும் இன்னும் வேலை பழகிக்கொண்டிருக்கின்றன. இடுப்புத்துணி கட்டுகிற இடம் இன்னும் மோசம். ஈரம், சூடு, மூத்திரம், மலம், மேலே பம்பேர்ஸ் மூடி. சிவந்து புண்ணான தோல் வேலியில்லாத வளவு. எதுவும் உள்ளே நுழையலாம்.

வேலியில்லாத வளவுக்குள் என்ன நுழைந்தது என்பதற்கு மூன்று கதை சொல்கிறேன். உங்களைப் பயமுறுத்துவதற்கில்லை. அளவு என்ற ஒரு சொல்லுக்காக.

முதலாவது பிரான்ஸ், 1972. 'மோராஞ்ச்' என்ற பெயரில் விற்ற பேபி பவுடருக்குள், தொழிற்சாலையில் நடந்த தவறால், ஹெக்சாகுளோரோபீன் என்ற கிருமிகொல்லி நூற்றுக்கு ஆறு பங்கு கலந்துவிட்டது. 204 பிள்ளைகள் நோயுற்றார்கள், 36 பேர் இறந்தார்கள். இடுப்பில் போட்ட பவுடர் மூளையைப் போய்த் தாக்கியது. அதே சரக்கை மூன்று பங்கு கலந்த திரவத்தால்தான் அதுவரைக்கும் அமெரிக்க வைத்தியசாலைகளில் பிறந்த பிள்ளைகளைக் கழுவினார்கள். அந்த ஆண்டே அமெரிக்க அரசு அதை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கத் தடை போட்டது. ஒப்பனைப் பொருளில் நற்காப்புக்காக மட்டும் 0.1 பங்குக்கு மேற்படாமல் இருக்கலாம் என்று விட்டது. 0.1 எங்கே, ஆறு எங்கே!

இரண்டாவது 1982, அமெரிக்கா. குறைமாதப் பிள்ளைகள் மூச்சுத் திணறி அடுத்தடுத்து இறந்தார்கள். காரணம் தேடினால், இரத்தக் குழாயில் செருகிய குழாய்களைக் கழுவுவதற்குப் பாவித்த உப்புத் தண்ணீரில், அது கெடாமலிருக்க 0.9 பங்கு பென்சைல் அற்ககோல் சேர்த்திருந்தது. பெரியவர் உடம்பு அதை இலகுவாக மாற்றி வெளியேற்றிவிடும். ஒரு கிலோப் பிள்ளையால் முடியவில்லை. பிறந்த பிள்ளைக்கு ஏற்றும் தண்ணீரில் நற்காப்பு இருக்கக்கூடாது என்ற விதி அந்தப் பிள்ளைகளின் உயிரில் எழுதியது. அதே பென்சைல் அற்ககோலைச் சில கிறீம்களில் இன்றைக்கும் காண்பீர்கள். அங்கே அது தோலின் மேல், மிகக் குறைந்த அளவில் இருக்கிறது. நரம்பில் ஏற்றுவதும் தோலில் தடவுவதும் வேறு.

மூன்றாவது எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கதை. கரம் போட்டில் தூவுகிற போரிக் பவுடர். ஒரு காலத்தில் உலகம் முழுக்க அதைப் பிள்ளையின் இடுப்புப் புண்ணுக்கும் தூவினார்கள். புண்ணுக்குள்ளால் இரத்தத்தில் சேர்ந்து, தோல் உரிந்து, வலிப்பு வந்து இறந்த பிள்ளைகளை மருத்துவ நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. கரம் விளையாடுபவர்கள் கோபிக்க வேண்டாம். பவுடர் போட்டிலேயே இருக்கட்டும்.

இனிப் பரபென்.

பரபென்கள் ஒரு குடும்பம். மெதைல், எதைல், புரொப்பைல், பியூட்டைல் என்று உடன்பிறப்புகள். ஏறக்குறைய நூறு வருடமாக மருந்திலும் உணவிலும் கிறீமிலும் இருக்கின்றன. நானும் பாணிமருந்துகளில் எத்தனையோ தடவை சேர்த்திருக்கிறேன். 2004இல் இங்கிலாந்தில் பிலிப்பா டார்பர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் மார்புப் புற்றுநோய்க் கட்டிகள் இருபதை எடுத்துப் பார்த்துப் பரபென் இருக்கிறது என்று எழுதினார்கள். நோயில்லாத மார்பில் அது இருக்கிறதா என்று அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பரபென்தான் நோயைத் தந்தது என்று அவர்கள் சொல்லவுமில்லை. ஆனால் செய்தி ஓடிவிட்டது. பெண்மைச் சுரப்பைப் போல நடிக்கும் ஒரு சின்னக் குணம் பரபெனுக்கு உண்டு என்பது உண்மை. உடம்பின் சொந்தச் சுரப்போடு பார்த்தால் அந்தப் பலம் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. குடும்பத்தில் மெதைலும் எதைலும் சாது. பெரிய மூலக்கூறான புரொப்பைல், பியூட்டைலில்தான் அந்தக் குணம் சற்றுக் கூட.

டென்மார்க் 2011இல் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொருட்களில் புரொப்பைல், பியூட்டைல் பரபென்களைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் குடும்பத்தின் வேறு ஐந்து பேரை முற்றாக வெளியேற்றியது. புரொப்பைலுக்கும் பியூட்டைலுக்கும் அளவைக் குறைத்து, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் இடுப்புத்துணி கட்டுமிடத்தில் பூசி அப்படியே விடுகிற பொருளில் அவை இருக்கக்கூடாது என்றது. எவ்வளவு நுணுக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். எந்தப் பரபென், எந்த வயது, எந்த இடம், கழுவுவதா விடுவதா? எங்கள் ஒழுங்கையில் அந்த நான்கு கேள்வியும் போய், 'பரபென் கூடாதாம்' என்ற இரண்டு சொல் மட்டும் மிஞ்சிவிட்டது.

அந்த இரண்டு சொல்லுக்குப் பயந்து கொம்பனிகள் என்ன செய்தன? தண்ணீர் போத்தலிலேயே இருந்தது. காப்பை மாற்றினார்கள். மெதைல்ஐசோதயசோலினோன் என்று வாய்க்குள் நுழையாத ஒரு சரக்கு, சுருக்கமாக எம்.ஐ. ஐரோப்பாவில் 2005இல் அதைத் தனியாகச் சேர்க்க அனுமதி கிடைத்தது. ஈரத்துடைப்பானிலும் லோஷனிலும் பரவியது. கொஞ்சக் காலத்தில் தோல் மருத்துவர்களிடம் கூட்டம். துடைப்பான் பட்ட இடமெல்லாம் சிவந்து தடித்த பிள்ளைகள், துடைத்த தாயின் கையில் கரப்பன். எல்லாவற்றையும் சாதாரணக் கரப்பன் என்று நினைத்துத் துடைக்கத் துடைக்க அது கூடியது. அமெரிக்கத் தொடுகை ஒவ்வாமை மருத்துவர் சங்கம் வருடத்துக்கு ஒரு பொருளுக்கு 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று ஒரு பட்டம் கொடுக்கும். 2013இல் அந்தப் பட்டம் எம்.ஐ.க்கு. கழுவாமல் விடும் பொருட்களில் ஐரோப்பா அதை 2017இல் தடுத்தது. அதே சங்கம் 2019இல் தன் வழக்கத்தைத் தலைகீழாக்கி, 'ஒவ்வாமை தராத பொருள்' என்று ஒன்றுக்குப் பட்டம் கொடுத்தது. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பரபெனுக்கு.

என் பேத்திக்கே இது நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெட்டி ஈரத்துடைப்பான். முன்னுக்குப் பெரிய எழுத்தில் பரபென் இல்லை என்று இருந்தது. மூன்று கிழமை பிள்ளைக்கு இடுப்பு ஆறவேயில்லை. மருந்தாளரின் வீட்டில்! பின்பக்கத்தை நான் வாசித்தது மூன்றாம் கிழமைதான். கண்ணாடி தேடுகிற சோம்பல். வாசித்த அன்றைக்கே நிறுத்தினோம், பஞ்சும் தண்ணீரும் போதுமாயிருந்தது, நாலைந்து நாளில் ஆறிவிட்டது.

போமல்டிகைட்டை விடுகிற காப்புகள் இன்னொரு வகை. பிணத்தைக் கெடாமல் வைக்கும் போமலினின் உறவு என்று சொன்னால் இங்கே எல்லோரும் முகம் சுளிக்கிறீர்கள். போத்தலுக்குள் இவை போமல்டிகைட்டைத் துளித்துளியாக விட்டுக் கிருமியைக் கொல்லும். அளவு மிகக் குறைவு. ஆனாலும் ஒவ்வாமை உள்ள தோலுக்கு ஆகாது. 2009இல் அமெரிக்காவில் நுகர்வோர் அமைப்புகள் பேபி ஷாம்புகளைச் சோதித்துச் சத்தம் போட்டன. ஜோன்சன் அண்ட் ஜோன்சன் தன் பிள்ளைப் பொருட்களிலிருந்து அந்த வகையை எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்து, 2014 தொடக்கத்தில் செய்து முடித்தது. 2019இல் இராஜஸ்தான் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த நிறுவனத்தின் ஷாம்புத் தொகுதிகள் இரண்டில் போமல்டிகைட்டு இருப்பதாக அறிவித்தது. நிறுவனம் மறுத்தது. பிறகு இந்திய அரச ஆய்வுகூடம் பார்த்து இல்லையென்று சொன்னதாக நிறுவனம் அறிக்கை விட்டது. அதே வருடம் பெப்ரவரியில் இலங்கையும் அவர்களுடைய பேபி பவுடர் இறக்குமதியை நிறுத்தி வைத்தது. அது நற்காப்பால் இல்லை. பவுடர்க் கல்லில் அஸ்பெஸ்டஸ் சேர்ந்திருக்கிறதா என்ற சந்தேகத்தால். இரண்டையும் போட்டுக் குழப்பிப் பேசுகிறவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன், அதனால்தான் பிரித்துச் சொல்கிறேன். டல்க் பவுடரில் தண்ணீர் இல்லை, அதற்கு நற்காப்பு அவ்வளவாகத் தேவையுமில்லை. பவுடரின் ஆபத்து மூச்சில். தட்டும்போது எழும்புகிற புழுதி பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும்.

'பினொக்சி எதனோல்' என்று ஒன்றையும் பல போத்தல்களில் காண்பீர்கள். நூற்றுக்கு ஒரு பங்குவரை ஐரோப்பா அனுமதிக்கிறது. 2012இல் பிரான்சின் மருந்துப் பாதுகாப்பு நிறுவனம், சின்னப் பிள்ளைகளுக்கு 0.4 பங்கு போதும், இடுப்பில் வேண்டாம் என்றது. 2016இல் ஐரோப்பிய விஞ்ஞானக் குழு, ஒரு பங்கு பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு என்றது. படித்தவர்களே இரண்டுபட்டு நிற்கிற இடம். நான் பிரான்ஸின் பக்கம். காரணம் விஞ்ஞானமில்லை, இடுப்புக்குத் தண்ணீர்க் கிறீமே தேவையில்லை என்பதுதான். அங்கே தடவ வேண்டுமென்றால் துத்தநாகக் களிம்போ வெறும் வசலினோ போதும். களிம்பில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் காப்பும் இல்லை, இந்தச் சண்டையும் இல்லை.

இதுதான் நான் சொல்ல வந்தது. எந்தக் காப்பு நல்லது, எது கூடாது என்று ஒவ்வொரு பெயராகப் பாடமாக்குவதற்கு முன்னால், இந்தத் தண்ணீர்ப் போத்தல் என் பிள்ளைக்கு வேண்டுமா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஆரோக்கியமாகப் பிறந்த நிறைமாதப் பிள்ளைக்குத் தோல் வருத்தம் வராமலிருக்க வழக்கமாகக் கிறீம் பூசுவதைப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. இங்கிலாந்தில் 1,394 பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் நாள்தோறும் கிறீம் பூசினார்கள். 2020இல் முடிவு வந்தது. கரப்பன் குறையவில்லை. தோல் தொற்றுத்தான் பூசின பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஏற்கெனவே கரப்பன் உள்ள பிள்ளைக்குக் கிறீம் மருந்து. அது வேறு விடயம், அதை மருத்துவர் சொல்லட்டும்.

எண்ணெயைப் பற்றி அம்மம்மாமார் கேட்கப் போகிறார்கள், முகத்தில் தெரிகிறது. தேங்காயெண்ணெயில் தண்ணீர் இல்லை, ஆகவே நற்காப்பு இல்லை. மெல்லத் தடவிவிடுவது பிள்ளைக்கு நல்லது, உலக சுகாதார நிறுவனமும் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒலிவ் எண்ணெய் தோலின் வேலியைக் குலைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. 'வெளிநாட்டு ஒலிவ்' என்று மகன் அனுப்பினால் சமையலுக்கு வையுங்கள். எண்ணெயைச் சின்னப் போத்தலில் ஊற்றி, ஈரக்கை படாமல் பாவியுங்கள். மூக்கிலும் காதிலும் விடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

தண்ணீர் என்றதும் எங்கள் கிணறும் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிற நிலம். கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது, நுரைக்காததால் இன்னும் கொஞ்சம் தேய்ப்போம், தேய்த்தது சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைக் கசடாகத் தோலில் படியும். பிறந்த பிள்ளையின் தோல் முதல் கிழமைகளில் மெல்ல மெல்லப் புளிப்புத் தன்மைக்கு வருகிறது, அந்தப் புளிப்புத்தான் அதன் காவல். சவர்க்காரம் காரம். நாள்தோறும் காரத்தைப் போட்டு அந்தக் காவலை அழித்துவிட்டுப் பிறகு 'வறண்டுபோச்சு' என்று லோஷனுக்கு அலைகிறோம். முதல் மாதத்துக்கு வெறும் இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும். சவர்க்காரம் வேண்டியது இடுப்புக்கு மட்டும், அதுவும் துளி.

கொலோன் மூன்று போத்தல் இருக்கிறது. இலங்கைப் பிள்ளைகளுக்கு வாய்த்த பாக்கியம். அதில் அற்ககோல் தாராளம், கிருமி கிட்ட வராது, நற்காப்பும் வேண்டாம். பிள்ளையின் தோலுக்கு அந்த அற்ககோலும் வாசமும்தான் ஆகாது. பார்க்க வருகிறவர்களுக்காகத்தானே போடுகிறோம். வருகிறவர்கள் பிள்ளையை மணக்கட்டும், கொலோனை ஏன் மணக்க வேண்டும்?

அலுமாரியைப் பற்றியும் ஒரு சொல். மூத்த பிள்ளையின் உடுப்பை நப்தலின் உருண்டை போட்டு வைத்திருந்து அடுத்த பிள்ளைக்கு எடுப்போம். அதுவும் ஒரு நற்காப்புத்தான், துணிக்கு. ஜீ-6-பீ-டீ என்ற நொதியம் குறைந்த குடும்பங்கள் உண்டு, இருப்பது அவர்களுக்கே தெரியாது. அந்தக் குடும்பத்தில் பிறந்த ஆண்பிள்ளைக்கு நப்தலின் ஆவி பட்டாலே செங்குருதிக் கலம் உடைந்து கடுமையான மஞ்சட்காமாலை வரலாம். இங்கே சொன்ன எல்லாவற்றிலும் நான் உண்மையாகப் பயப்படுவது இதற்குத்தான். லோஷனைப் பற்றி நூறு பேர் கேட்டார்கள், உருண்டையைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளையின் துணி இருக்கும் அலுமாரியில் அது இருக்கவே கூடாது. இருந்திருந்தால் துணியைத் தோய்த்து நல்ல வெயிலில் இரண்டு நாள் போடுங்கள்.

ரொரன்ரோவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கும் உறவுகள் அன்போடு அனுப்புகிறார்கள். அன்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் போத்தல் கடல்வழிப் பெட்டியில் மாதக்கணக்கில் வெந்து வருகிறது. வந்த பிறகு 'நல்ல சாமான்' என்று ஷோகேசில் ஒரு வருடம். பின்பக்கத்தில் திறந்த மூடியோடு ஒரு சின்ன ரின் படம் இருக்கும், அதற்குள் 6 அல்லது 12 என்று எண் இருக்கும். திறந்து அத்தனை மாதத்துக்குத்தான் அந்தக் காப்பு காக்கும் என்று பொருள். அதுவும் அவர்கள் நாட்டுக் குளிரில். உள்ளூரில் வாங்குவதில் தயாரித்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உச்ச சில்லறை விலை நான்கும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். நாட்டின் சட்டமும் முழுக் காவல் என்று நினைக்க வேண்டாம். 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே ஒப்பனைப் பொருள் முதலாவதாக இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரில் மருந்து மட்டுமே நிற்கிறது. திகதி அழித்த சாமானோ பெயரில்லாத கிறீமோ கடையில் கண்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் குடும்பநல மருத்துவ மாது வீட்டுக்கு இரண்டு தரமாவது வருவார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அலுமாரியைத் திறந்து எல்லாப் போத்தலையும் அவருக்குக் காட்டுங்கள். பிள்ளையின் தோலில் கொப்புளமோ சீழோ கண்டால், தொப்புளைச் சுற்றிச் சிவந்தால், பால் குடிக்காமல் சோர்ந்தால், பூசுகிறதை நிறுத்தி அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். என்னிடம் வராதீர்கள்.

பேச்சு முடிந்தது. மேசையில் நிற்கிற பதினேழு சாமானின் சொந்தக்காரரும் ஒவ்வொருவராக வாருங்கள், பின்பக்கத்தைச் சேர்ந்து வாசிப்போம். இந்த முறை பூதக்கண்ணாடி கொண்டுவந்திருக்கிறேன்.